அளவை: கணக்குக்கும் வழக்குக்கும் பொதுவான ஒரு சொல்

பரந்தன் சந்தியில் கிழக்கே திரும்பி, முல்லைத்தீவுக்குப் போகும் ஏ35 வீதியில் சிறிது தூரம் சென்றால் முரசுமோட்டை வரும். கிளிநொச்சி மாவட்டத்தின் கண்டாவளைப் பிரதேச செயலர் பிரிவைச் சேர்ந்த ஊர். இரணைமடுத் தண்ணீரை நம்பிய வயல்கள் வீதியின் இரு பக்கமும் விரிந்து கிடக்கின்றன. காலபோக அறுவடை முடிந்த நாளொன்றில் இங்குள்ள ஒரு வீட்டுக்குள் 'அளவை' என்ற சொல் மூன்று வாசல்களால் நுழையக்கூடும். முற்றத்தில் நெல்லை மூடை கட்டி நிறுக்கும்போது அது நிறுத்தலளவை. எல்லைக்கல்லைத் தேடிக்கொண்டு காணிக்குள் வருகிறவர்கள் நில அளவைத் திணைக்களத்தார். உயர்தர வகுப்பில் கலைப்பிரிவு படிக்கும் பிள்ளையின் புத்தகப் பையில் இருப்பது 'அளவையியலும் விஞ்ஞான முறையும்'.

மூன்றாவது பயன்பாடுதான் வெளியாரை நின்று யோசிக்க வைக்கும். தமிழ்நாட்டில் தருக்கவியல் என்று வழங்கும் பாடம் இலங்கைப் பள்ளிக்கூடத்தில் அளவையியல் ஆயிற்று. வாதத்தைச் சோதிக்கும் கலைக்கு நெல் அளக்கிற சொல்லை எதற்காக வைத்தார்கள்? பாடநூல் எழுதியவர்கள் அதைப் புதிதாகப் படைக்கவில்லை. ஆயிரம் ஆண்டுக்கு மேலாகத் தமிழில் கிடந்த ஒரு பொருளைத் தூசு தட்டி எடுத்தார்கள். அந்தப் பொருள் எங்கிருந்து வந்தது, கணக்கிலும் வழக்கிலும் அது எப்படி ஒருசேர வேர்கொண்டது என்பதைத் தேடப் போனால், தேடல் கடைசியில் இதே வீதிக்குத்தான் திரும்பி வருகிறது.

'அள' என்பது வேர். கன்னடத்தில் அளெ, மலையாளத்தில் அளக்குக என்று அண்டைமொழிகளிலும் உண்டு. அளவு, அளவை, அளத்தல் எல்லாம் அதன் கிளைகள். ஒருவரோடொருவர் மனம்விட்டுப் பேசுவதை அளவளாவுதல் என்கிறோமே, அதிலும் இந்த அளவு இருக்கிறது. தமிழ் இலக்கண உரையாசிரியர்கள் அளவையை நான்காகப் பிரித்தார்கள்: எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல். எண்ணுவதும் அவர்களுக்கு ஒரு வகை அளத்தலே. களத்தில் நெல் அளக்கும்போது ஒன்று என்று தொடங்காமல் 'லாபம்' என்று தொடங்கும் வழக்கத்தில், அளப்பவரின் கையும் வாயும் சேர்ந்தே வேலை செய்தன. கை அளந்ததை வாய் உரக்கச் சொல்ல வேண்டும். சூழ நிற்பவர்கள் கேட்க வேண்டும். பிறர் காதில் விழாத அளவைக்குக் களத்தில் பெறுமதி இல்லை.

இந்தச் சொல் அறிவுலகத்துக்குள் புகுந்தது 'பிரமாணம்' என்னும் வடசொல்லின் துணையோடு. பிரமாணத்தின் வேர் 'மா', அளத்தல். எதைக் கொண்டு ஒன்றை அளக்கிறோமோ அது பிரமாணம். எதைக் கொண்டு ஒன்றை உண்மை என்று அறிகிறோமோ அதுவும் பிரமாணம். இந்தியத் தத்துவ மரபு முழுவதற்கும் அடிக்கல்லான சொல் இது. தமிழ் அதைத் தனக்குள் கொண்டுவந்தபோது நேராக வேருக்கே போய் 'அளவை' என்றது. இதைவிட நேர்மையான மொழியாக்கத்தை நான் அதிகம் கண்டதில்லை.

அந்த ஆக்கம் முழு வளர்ச்சியோடு நிற்கும் இடம் மணிமேகலையின் இருபத்தேழாம் காதை. வஞ்சி மாநகரில் மணிமேகலை பல சமயத்தாரையும் அணுகி அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். காதையின் பெயர் 'சமயக் கணக்கர் தம் திறம் கேட்ட காதை'. கொள்கைக்காக வாதாடுகிறவர்களை நூலாசிரியர் சாத்தனார் கணக்கர் என்கிறார்! அவர்களுள் முதலில் பேசுகிறவர் அளவைவாதி. முன்பாதி அளப்பவனுடையது, பின்பாதி வழக்காடுபவனுடையது. கணிதத்தையும் வாதத்தையும் இதைவிட இறுக்கமாக ஒரே சொல்லில் கட்ட முடியாது. அந்த அளவைவாதி சொல்கிற முதற் செய்தியும் எண்ணிக்கைதான். வேதவியாதன் பத்து அளவை கொண்டான், கிருதகோடி எட்டு, சைமினி ஆறு. எத்தனை வழிகளால் ஒன்றை உண்மை என்று ஏற்கலாம் என்பதில் ஆசிரியர்களுக்குள்ளேயே உடன்பாடு இருக்கவில்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரைத் தொடங்கும்போதும் அளவையைத்தான் முதலில் வைத்தார். காண்டல், கருதல், உரை, அபாவம், பொருள், ஒப்பு என்பவற்றோடு ஒழிபு, உண்மை, ஐதிகம், இயல்பு ஆகியவற்றையும் சேர்த்துப் பத்து என்று எண்ணிவிட்டு, காட்சி, கருதல், உரை என்ற மூன்றுக்குள் அனைத்தும் அடங்கும் என்றார். சித்தாந்த வகுப்புக்குப் போனவர்களுக்கு இது பழகிய பட்டியல். அதில் இரண்டை மட்டும் வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன்: ஒழிபு, அபாவம். ஒழிபு என்பது எஞ்சியதைக் கொண்டு அறிதல். இருக்கக்கூடிய வழிகளையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வந்தால் கடைசியில் நிற்பது உண்மை. அபாவம் என்பது இல்லாமையைக் கொண்டு அறிதல். இவ்விரண்டும் தத்துவ வகுப்பறையை விட்டு வெளியேறி வன்னி மண்ணில் எப்படி நின்றன என்பதற்குப் பிறகு வருகிறேன்.

பிரமாணத்துக்குக் கணிதத்திலும் ஒரு தனி ஆசனம் உண்டு. கி.பி. 499இல் இயற்றப்பட்ட ஆரியபட்டீயத்தில் மூன்று இராசிக் கணக்குக்கு விதி சொல்லப்படுகிறது. அதன் மூன்று உறுப்புகளுக்குப் பெயர் பிரமாணம், பலம், இச்சை. முரசுமோட்டைக்கு ஏற்றபடி சொன்னால்: மூன்று ஏக்கரில் 210 புசல் நெல் விளைந்தது; ஐந்து ஏக்கரில் எவ்வளவு விளையும்? மூன்று ஏக்கர் பிரமாணம். 210 புசல் பலம். ஐந்து ஏக்கர் இச்சை. பலத்தை இச்சையால் பெருக்கிப் பிரமாணத்தால் வகுத்தால் 350 புசல். விதியில் ஒரு நிபந்தனை உண்டு. பிரமாணமும் இச்சையும் ஒரே இனத்தவையாக இருக்க வேண்டும். ஒன்று ஏக்கரிலும் மற்றது பரப்பிலும் இருந்தால் கணக்குப் பிழைக்கும். தெரிந்ததும் தெரியாததும் ஒரே அளவுகோலின் கீழ் வந்தாக வேண்டும்.

இந்த விதியை ஆங்கிலத்தில் பெயர்த்த கணித வரலாற்றாசிரியர்கள் பிரமாணம் என்பதற்கு இட்ட சொல் 'ஆர்கியூமென்ற்'. வாதம் என்று நாம் அறிந்த அதே சொல். மேலை மொழிகளிலும் அது இரண்டு வீட்டுப் பிள்ளைதான். இலத்தீனில் 'அர்குவேரே' என்றால் தெளிவாக்குதல், குற்றஞ்சாட்டுதல். வெள்ளியைக் குறிக்கும் 'அர்கென்ற்றும்' என்ற சொல்லும் ஒளிர்தல் என்ற பொருளுடைய அதே பழைய வேரிலிருந்து வந்தது என்பர் மொழியியலார். நீதிமன்றில் இருட்டை விலக்கி உண்மையைத் துலங்க வைப்பது வாதம் என்றால் பொருத்தம் எளிதில் விளங்கும். கணிதத்துக்கு அது எப்படி வந்தது? வானியல் வழியாக. கோள்களின் நிலையைத் தரும் அட்டவணைகளில் எந்த எண்ணைக் கையில் கொண்டு உள்ளே நுழைகிறோமோ, எதிலிருந்து மற்றது உய்த்தறியப்படுகிறதோ, அந்த எண்ணை இடைக்கால ஐரோப்பிய வானியலார் அப்பெயரால் அழைத்தார்கள். பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கவிஞர் சோசர் எழுதிய கதையொன்றிலேயே அது வானியற் கருவியாக வந்துவிடுகிறது. அங்கிருந்து சார்புகளுக்கும் சிக்கலெண்களுக்கும் பரவியது. நம் உயர்தர இணைந்த கணிதத்தில் சிக்கலெண்ணின் மட்டு, வீசல் என்று படிக்கிறோமே, அந்த வீசலும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். கலைச்சொல் ஆக்கியவர்கள் கோடு வீசும் கோணத்தைப் பார்த்துப் பெயரிட்டார்கள். படம் தெளிவாயிற்று. வாதத்தோடு இருந்த உறவு மறைந்தது.

அட்டவணைக்குள் எண்ணைக் கொண்டு நுழைந்து கிரகணம் கணிக்கும் கலை யாழ்ப்பாணத்தில் வாக்கியப் பஞ்சாங்கமாக வாழ்ந்தது. அங்கே கணக்கும் வாதமும் நேருக்கு நேர் மோதிய ஆண்டு 1829. வட்டுக்கோட்டைச் செமினரி 1823இல் அமெரிக்க மிஷனரிமாரால் தொடங்கப்பட்டிருந்தது. அதன் தலைவர் டானியல் பூவர். அயலூரான அராலியில் பெயர்பெற்ற பஞ்சாங்க கணிதர் விசுவநாத சாத்திரியார். அவ்வாண்டு மார்ச் மாதத்துச் சந்திர கிரகணம் பற்றிச் சாத்திரியார் கணித்ததும் பூவர் கணித்ததும் நேரத்திலும் மறைவின் அளவிலும் வேறுபட்டன. கிரகணம் வந்தது. மிஷனரியின் கணக்கே பொருந்தியது. சில நிமிடங்களின் வேறுபாடு. ஆனால் அந்த நிமிடங்களைக் கொண்டு பூவர் எழுப்பிய வழக்கு சமய வழக்கு: பஞ்சாங்கம் பிழைத்தால் அதைத் தாங்கி நிற்கும் சாத்திரமும் பிழைக்கும் என்பது.

இங்கே நின்று ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கிரகணக் கணக்கில் பூவர் வென்றது உண்மை. அதிலிருந்து சமயத்துக்குத் தாவியது கணக்கில் அடங்காத தாவல். மூன்று இராசி விதி கேட்ட நிபந்தனை, பிரமாணமும் இச்சையும் ஓரினமாக இருக்க வேண்டும் என்பது, அங்கே மீறப்பட்டது. நிழலின் நேரத்தை அளந்த கோலால் ஒரு மக்கள் கூட்டத்தின் வழிபாட்டை அளக்க இயலாது. இது இருநூறு ஆண்டுக்கு முந்திய சங்கதி என்று தள்ளிவிட முடியாதபடி அத்தகைய தாவல்கள் பின்னரும் வந்துகொண்டே இருக்கின்றன.

அந்தச் செமினரியில் உருவானவர் கரோல் விசுவநாதபிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவர், மற்றவர் சி.வை. தாமோதரம்பிள்ளை. விசுவநாதபிள்ளை 1855இல் தமிழில் 'வீசகணிதம்' எழுதினார். அதே கை 1857இல் ஆறுமுக நாவலரின் கிறிஸ்தவக் கண்டனத்துக்கு மறுப்பாகச் 'சுப்பிரதீபம்' எழுதியது. பின்னாளில் அவர் சைவத்துக்கே மீண்டார். சமன்பாட்டின் இரு பக்கத்தையும் ஒப்பவைக்கத் தமிழ் தேடியவரும், எதிராளியின் கூற்றை உடைக்கத் தமிழ் தேடியவரும் ஒருவரே என்பது எனக்குத் தற்செயலாகத் தெரியவில்லை. தாமோதரம்பிள்ளையும் அப்படித்தான்: அரசின் கணக்குப் பகுதியில் பணியாற்றி, 1871இல் சட்டம் தேறி, பின்னர் புதுக்கோட்டையில் நீதிபதியானார். அவர் பதிப்பித்த பழந்தமிழ் நூல்களின் முன்னுரைகளில் ஏட்டுக்கு ஏடு பாடம் ஒப்பிட்டு ஆதாரம் காட்டும் முறையில் கணக்கரும் இருக்கிறார், வழக்கறிஞரும் இருக்கிறார். பேச்சுத் தமிழ் இதை எப்போதோ கண்டுகொண்டது. 'கணக்கு வழக்கு' என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறோம். அளவு மீறிய எதையும் 'கணக்கு வழக்கில்லாமல்' என்கிறோம்.

இலங்கைத் தமிழ் இன்று இந்த உறவை இரண்டு வினைச்சொற்களில் பிரித்து வைத்திருக்கிறது. கணித வகுப்பில் 'நிறுவுக'. நீதிமன்றத்தில் 'எண்பிக்க'. சாதாரண தரக் கேத்திரகணிதம் படித்த எவருக்கும் அந்த நான்கு தலைப்புகள் மறக்காது: தரவு, நிறுவ வேண்டியது, அமைப்பு, நிறுவல். நிறுவுதல் என்றால் சரியாமல் நிற்கச் செய்தல். நிலைநாட்டுதல். 'எண்பி' இன்னும் ஆழமானது. காண் என்பதிலிருந்து காண்பி, கல் என்பதிலிருந்து கற்பி வந்தது போல, எண் என்பதிலிருந்து எண்பி. எண்ணு என்றால் கணக்கிடு. எண்ணு என்றால் நினை. கன்னடத்து எணிசு என்பதிலும் இவ்விரு பொருளும் ஒட்டியே கிடக்கின்றன. ஆகவே எண்பித்தல் என்றால் மற்றவரை எண்ணச் செய்தல். நான் எண்ணியதை நீயும் எண்ணு, என் கணக்கை உன் மனத்தில் போட்டுப் பார் என்று கேட்பதுதான் வழக்காடல். 'நிரூபி' என்பதில் உருவம் கொடுத்தல் இருக்கிறது, 'மெய்ப்பி' என்பதில் மெய் இருக்கிறது. 'எண்பி'யில் மட்டுமே எதிரில் இருக்கிற மனிதர் இருக்கிறார்.

எதிரில் இருப்பவரை எவ்வளவு தூரம் எண்ணச் செய்தால் போதும் என்பதில்தான் கணிதமும் சட்டமும் பிரிகின்றன. முக்கோணத்தின் கோணங்கள் பற்றிய தேற்றத்துக்கு ஒரு விலக்குக் கிடைத்தாலும் நிறுவல் விழுந்துவிடும். இலங்கையின் 1895ஆம் ஆண்டு 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டம், 1872இன் இந்தியச் சான்றுச் சட்டத்தைப் பின்பற்றி, வேறு அளவுகோலை வைத்தது. அதன் 3ஆம் பிரிவுப்படி, விடயம் உண்டென்று நீதிமன்றம் நம்பினாலோ, விவேகமுள்ள ஒருவர் அது உண்டென்று கொண்டு தன் காரியத்தைச் செய்யத்தக்க அளவுக்கு அது நிகழக்கூடியதாய் இருந்தாலோ, அது எண்பிக்கப்பட்டதாகும். முழு நிச்சயத்தைச் சட்டம் கேட்கவில்லை. விவேகமுள்ள ஒருவர் என்ற மனிதரை அளவையாக வைத்தது. இதைக் குறையென்று சொல்ல மாட்டேன். முழு நிச்சயம் கேட்கும் நீதிமன்றத்தில் ஏழைக்கு ஒருபோதும் தீர்ப்புக் கிடையாது.

எண்பிக்கும் சுமை யார்மீது என்பதற்கும் அச்சட்டத்தில் விதிகள் உண்டு. 101ஆம் பிரிவு: யார் ஒன்றைக் கூறி அதன்மேல் உரிமை கேட்கிறாரோ அவரே எண்பிக்க வேண்டும். 106ஆம் பிரிவு: ஒரு விடயம் ஒருவருடைய தனியறிவுக்குள் இருக்குமானால் அதை எண்பிக்கும் சுமை அவருடையது. இந்த 106 எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. பூட்டிய பெட்டியின் திறப்பை வைத்திருப்பவர்தான் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று காட்ட வேண்டும் என்கிறது அது.

முரசுமோட்டைக்குத் திரும்புவோம். 2009 சனவரி 2ஆம் நாள் கிளிநொச்சி நகர் இராணுவத்தின் கைக்குப் போனது. பரந்தன் அதற்கு முதல் நாள். காலபோக நெல் வயலில் நின்ற மாதம் அது. ஏ35 வீதி வழியே சனங்கள் கிழக்கே நகர்ந்தார்கள்: தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, கடைசியில் முள்ளிவாய்க்கால். மே மாதம் போர் முடிந்தபோது வெளியே வந்தவர்கள் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் அடைக்கப்பட்டார்கள். ஊர் திரும்பியபோது வீடு இல்லாதவர்கள் உண்டு. காணிக்கான அனுமதிப்பத்திரமும் அளிப்புப் பத்திரமும் உறுதியும் வழியில் தொலைந்தவர்கள் அதைவிட அதிகம். யாழ்ப்பாணத் தமிழில் காணிப் பத்திரத்துக்குப் பெயரே 'உறுதி' என்பதை அப்போதுதான் பலர் வலியோடு உணர்ந்திருப்பார்கள்.

காணி வழக்கில் அளவை இரண்டு. ஒன்று நீட்டலளவை: இத்தனை ஏக்கர், றூட், பேர்ச்சஸ் என்று நில அளவைத் திணைக்களத்தின் வரைபடம் சொல்வது. 1800 ஓகஸ்ட் 2ஆம் நாள் தொடங்கிய திணைக்களம் அது. மற்றது காலத்தின் அளவை. 1871ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பிறருடைய தனியார் காணியை ஒருவர் தடையின்றிப் பத்து ஆண்டு தமக்கென்று ஆண்டுவந்தால் உரிமை அவருக்குச் சேரலாம். சாதாரண காலத்துக்கு அந்தப் பத்து நியாயமானது. உரிமையாளர் குண்டுக்குத் தப்பி ஓடி முகாமில் கிடந்த ஆண்டுகளையும் அந்தப் பத்துக்குள் எண்ணலாமா? 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இதற்கு விடை சொன்னது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை போரால் தம் காணிக்குத் திரும்ப முடியாதிருந்தவர்களுக்கு எதிராக அந்தக் காலத்தைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. நாடாளுமன்றம் ஒரு கழித்தலைச் செய்தது. இருபத்தாறு ஆண்டுகளைக் கழித்தது. இந்தத் தீவில் தமிழருக்குச் சார்பாகச் செய்யப்பட்ட சிறந்த கணக்குகளில் ஒன்றாக அதை மதிக்கிறேன்.

இன்னொரு கழித்தல் இருக்கிறது. 2011 சனவரி 8ஆம் நாள், மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு, கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு முன் தோன்றினார். அவர் கையில் இரண்டு எண்கள். இரண்டும் அவருடையவை அல்ல. 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தோர் தொகை கச்சேரிக் கணக்கின்படி 429,059. 2009 யூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தோர் தொகை ஐக்கிய நாடுகள் அலுவலகக் கணக்கின்படி 282,380. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தார். எஞ்சியது 146,679. இவர்களுக்கு என்ன நடந்தது என்று விளக்கம் தாருங்கள் என்றார்.

நான்காம் வகுப்புப் பிள்ளை செய்யக்கூடிய கணக்கு. ஆனால் அளவை மரபில் வைத்துப் பார்த்தால் இது சித்தியார் சொன்ன ஒழிபு. எஞ்சியதைக் கொண்டு அறிதல். ஆயரின் வாதத்தின் வலிமை பிரமாணத்தின் தேர்வில் இருந்தது. எதிராளி மறுக்க முடியாத எண்ணிலிருந்து தொடங்கினார்: அரசின் கச்சேரி எண்ணிய எண். பிரமாணமும் இச்சையும் ஓரினமாய் இருந்தன. இரண்டும் ஒரே மக்கள் திரளின் தலைக்கணக்கு.

ஒழிபு அளவைக்கு ஒரு பலவீனமும் உண்டு. கழிக்க வேண்டியவை அனைத்தும் கழிக்கப்பட்டிருந்தால் மட்டுமே எஞ்சியது உறுதியாக நிற்கும். கச்சேரிப் பதிவு நிவாரணப் பங்கீட்டோடு சேர்ந்தது, அதில் மிகை இருக்கலாம் என்பார்கள். இரண்டு நாட்களுக்கும் இடையில் வேறு வழியால் வெளியேறியவர்கள் இருக்கலாம். பதிவில்லாமல் தடுத்து வைக்கப்பட்டவர்கள் இருக்கலாம். இவற்றையெல்லாம் ஏற்கிறேன். ஆயரும் 146,679 பேர் இறந்தார்கள் என்று சொல்லவில்லை. கணக்கில் வராதவர்கள் என்றார். 2011 மார்ச்சில் ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 40,000 வரையான பொதுமக்கள் மரணம் பற்றிப் பேசியது. 2012இல் வந்த ஐ.நா.வின் உள்ளக ஆய்வு 70,000க்கு மேற்பட்டோர் கணக்கில் வரவில்லை என்றது. எண்கள் வேறுபடுகின்றன, ஏனென்றால் ஒவ்வொன்றும் வெவ்வேறு ஒன்றை வெவ்வேறு கோலால் அளக்கிறது. வேறுபாட்டைக் காட்டி எல்லாவற்றையும் ஒதுக்குவது, மூன்று நில அளவையாளர்கள் மூன்று எல்லை காட்டினார்கள் என்பதற்காகக் காணியே இல்லை என்பது போன்றது.

மறுபக்கம் வைத்த எண்ணையும் அளந்து பார்க்க வேண்டும். 2009இன் தொடக்கத்தில், போர்ப் பகுதிக்குள் எஞ்சியிருப்பவர்கள் ஏறத்தாழ 70,000 பேர் என்று அரச தரப்புச் சொல்லிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்த அரச அலுவலர்கள் மூன்று இலட்சத்துக்கு மேல் என்று அறிவித்துக்கொண்டிருந்தார்கள். உணவும் மருந்தும் எத்தனை பேருக்கு அனுப்பப்படும் என்பதே இந்த எண்ணில் தங்கியிருந்தது. கணித வகுப்பில் முரண்பாட்டால் நிறுவுதல் என்று ஒரு முறை படிப்போம்: எதிராளியின் எடுகோளை உண்மையென்றே கொண்டு, அதன் வழியே நடந்து, முடியாத இடத்துக்குப் போய்ச் சேர்வது. உள்ளே 70,000 பேர்தான் என்று கொள்வோம். சில மாதங்களில் இரண்டே முக்கால் இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் முகாம்களில் எண்ணப்பட்டார்கள். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் அந்த 70,000 சொல்லப்பட்ட பின்னரே வெளியே வந்தவர்கள். ஆகவே எடுகோள் பொய். இந்த நிறுவலுக்குச் சாட்சி கூட வேண்டாம். அரசு ஏற்ற எண்ணே அரசு சொன்ன எண்ணை உடைக்கிறது.

பெரிய எண்களைப் பற்றி இவ்வளவு பேசிய பிறகு ஒன்று என்ற எண்ணுக்கு வர வேண்டும். தேடுகிற தாய்க்கு வேண்டியது அந்த ஒன்றுதான்.

சான்றுச் சட்டத்தின் 107ஆம் பிரிவு, முப்பது ஆண்டுக்குள் உயிரோடிருந்ததாகத் தெரிந்த ஒருவரை இறந்தார் என்பவரே எண்பிக்க வேண்டும் என்கிறது. அவரைப் பற்றி இயல்பாகவே கேள்விப்பட்டிருக்க வேண்டியவர்களுக்குச் சட்டம் குறித்த காலம்வரை செய்தியே இல்லாதபோது, 108ஆம் பிரிவு அந்தச் சுமையைத் திருப்பி, உயிரோடிருக்கிறார் என்பவர்மீது வைக்கிறது. 2010இல் வந்த 19ஆம் இலக்கச் சட்டம், போர் போன்ற காரணங்களால் ஓராண்டுக்கு மேல் காணாமற்போனவருக்கு மரணச் சான்றிதழ் பெற வழி செய்தது. பல தாய்மார் அதை வாங்க மறுத்தார்கள். போர் முடிவில் இராணுவத்திடம் தாங்கள் கையளித்த பிள்ளையின் மரணத்துக்குத் தாங்களே விண்ணப்பம் எழுதுவதா என்று கேட்டார்கள். 2016இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, காணக்கிடைக்காமைக்கான சான்றிதழ் என்ற ஒன்று சேர்க்கப்பட்டது. இறந்தார் என்றும் சொல்லாது, இருக்கிறார் என்றும் சொல்லாது. இல்லாமையை மட்டும் பதியும்.

அபாவம் என்ற பழைய அளவை அரச முத்திரையோடு வந்து நின்ற கணம் அது. ஆனால் அபாவத்தைப் பற்றித் தருக்க நூலார் வைத்த நிபந்தனை சான்றிதழில் இல்லை. இந்த நிலத்தில் குடம் இல்லை என்று நான் சொல்ல வேண்டுமானால், குடம் இருந்தால் என் கண்ணுக்குத் தெரிந்திருக்கும் என்ற நிலை இருக்க வேண்டும். வெளிச்சம் இருக்க வேண்டும். கதவு திறந்திருக்க வேண்டும். இருட்டறைக்கு வெளியே நிற்பவள் உள்ளே குடம் இல்லை என்று அறிய முடியாது. காணாதது வேறு, இல்லாதது வேறு. தடுப்பு இடங்களின் பதிவேடுகளும் சரணடைந்தோர் பட்டியல்களும் குடும்பங்களின் முன் திறக்கப்படாதவரை, தாய்க்குத் தெரியாமை எதையும் எண்பிக்காது. 106ஆம் பிரிவின் நியாயம் இங்கேதான் பொருந்த வேண்டும். சரணடைந்த பிள்ளையைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனவர்களின் தனியறிவுக்குள் இருக்கும் ஒன்றை எண்பிக்கும்படி ஏற்றிவிட்டவளிடம் கேட்பது சட்டத்தின் அளவைக்கும் பிழை, தருக்கத்தின் அளவைக்கும் பிழை. 2013இல் வவுனியா மேல் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுக்கள் தாக்கலாகி முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றில் விசாரிக்கப்பட்டபோது, மனுதாரர்களின் சத்தியக் கடதாசிகள் கேட்டதும் இதைத்தான்: எங்கள் கண்முன் கையளித்தோம், நீங்கள் கணக்குச் சொல்லுங்கள்.

2017 பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடர் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். நாளை எண்ணத் தொடங்கினார்கள். 2022 ஓகஸ்ட் 12 அவர்களுடைய கணக்கில் இரண்டாயிரமாவது நாள். எண்ணலளவை, இலக்கணக்காரர் வைத்த நான்கில் முதலாவது. அவர்களிடம் பதிவேடு இல்லை, பட்டியல் இல்லை, திறப்பு இல்லை. நாளை எண்ணும் உரிமை மட்டும் இருந்தது. களத்தில் நெல் அளந்தவர்கள் செய்தது போலவே சூழ நிற்பவர்கள் கேட்கும்படி உரக்க எண்ணினார்கள். அந்தத் தாய்மாரில் சிலர் எண்ணிக்கொண்டிருக்கும்போதே இறந்துபோனார்கள். அவர்கள் விட்ட இடத்திலிருந்து மற்றவர்கள் எண்ணுகிறார்கள்.

முரசுமோட்டையிலிருந்து கந்தசுவாமி கோயிலுக்குப் போக, ஏ35 வீதியால் மேற்கே வந்து, பரந்தன் சந்தியில் தெற்கே திரும்பி ஏ9 வீதியில் ஏற வேண்டும். வழி நெடுகப் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. கணித பாட நேரத்தில் அங்கே கரும்பலகையில் முக்கோணம் வரைந்து, பக்கத்தில் இரண்டு வரி எழுதுவார்கள். தரவு. நிறுவ வேண்டியது.